பையைத் தூக்கும் ஆள்

மார்ச் 9, சனி

ரஸ்ஸல் காலையில் வந்து அரவை மிஷினை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேனைப் பின்பக்கமாக ஷெட் வாசல் வரை ஓட்டிக்கொண்டு வந்து, ஏதோ சொந்த வீடு மாதிரி — சரி, பாதி சொந்தம்தான், விவாகரத்து வக்கீல்கள் பேசி முடிக்கிற வரைக்கும். முளைகட்டின பார்லியை, அதான் மால்ட்டை, அரைக்கிற மிஷின் போச்சு. ஜனவரியில் நாங்கள் கடைசியாகக் காய்ச்சின ஸ்டவுட், அந்தக் கறுப்பு பீர், மூன்று பெட்டி, அதுவும் போச்சு. அண்டாவையும் பையையும் விட்டுவிட்டான்.

"அந்தக் கிழிசல் திரைச்சீலையை நீயே வெச்சுக்கோ. ட்ரூடி எனக்கு பீர் காய்ச்சுற புது மெஷின் வாங்கித் தர்றா. பம்பு கிம்பு எல்லாம் இருக்கு. தானா ஓடும்" என்றான். ட்ரூடி, பவுல்ஸ் கிளப்பில் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு பந்து உருட்டுகிறவள். பிப்ரவரியிலிருந்து இவன் அவள் வீட்டில்தான் இருக்கிறான்.

என் பை கிழிசல் இல்லை. ஜன்னலுக்குப் போடுகிற வலைத்துணியில் நான் தைத்தது. அண்டாத் தண்ணீரைச் சூடாக்கு, பையை உள்ளே விரி, அரைத்த மால்ட்டைக் கொட்டு, பழைய போர்வையைச் சுற்றி ஊறல் போடு, ஒரு மணி நேரம் கழித்துச் சக்கையைப் பையோடு தூக்கி வடி. அடியில் நிற்கிற இனிப்புச் சாற்றைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு ஈஸ்ட் போட்டால் பீர். பதினோரு வருஷமா தானியத்தைப் பொறுக்கினது நான், சூடு பார்த்தது நான், கசப்புக்கு ஹாப்ஸ் போட்டது நான், பாட்டில் கழுவினது நான். அவன் செஞ்சது ஒண்ணே ஒண்ணு. பையைத் தூக்கினான். அதைத்தான் எங்க பீர் காய்ச்சுற கிளப்பு பூரா "ரஸ்ஸலோட ஸ்டவுட்டு"ன்னு சொல்லுது.

வேனில் ஏறும்போது சொன்னான்: "நான் தூக்கலேன்னா உனக்கு பீரே கிடையாது, லின்."

மார்ச் 10

உண்மைதான். அதுதான் எரிகிறது.

மார்ச் 24

தூக்கிப் பார்த்தேன். வலது தோள் ஆபரேஷன் செய்த தோள், அதை நம்பமாட்டேன் என்று இடது கையால் மட்டும் இழுத்தேன். ஆறரைக் கிலோ தானியம் தண்ணீர் குடித்தால் பிணமாகக் கனக்கிறது. பாதி தூரம் மேலே வந்தது, கை விட்டுப்போனது, பை திரும்ப உள்ளே விழுந்து சுடுசாறு முழங்கை வரைக்கும் அடித்தது. பர்னரை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

சாயங்காலம் என் அக்கா ஜானின் வந்து கைக்குக் கட்டுப் போட்டாள். "கடையில கேன் வாங்கிக் குடிச்சாத்தான் என்னடி? நம்ம பல்லாரட்ல பீருக்கா பஞ்சம்?" என்றாள்.

அவளுக்குப் புரியாது. சாறு முழுவதையும் புல்தரையில் கொட்டினேன்.

ஏப்ரல் 14

பீர் கிளப்பில் கூட்டம். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன், ரஸ்ஸல் முன்னால், பக்கத்தில் ட்ரூடி. என் பெட்டியிலிருந்து என் ஸ்டவுட்டை எடுத்து ஒவ்வொருவருக்கும் ஊற்றிக் கொடுக்கிறான். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

தலைவர் நெவில் எழுந்து ஒரு செய்தி சொன்னார். ரயில் நிலையத்துக்குப் பின்னால் புதிதாக பீர் ஆலை வைத்திருக்கும் ஹேமிஷ் இந்த வருஷப் போட்டிக்கு ஒரு பரிசு தருகிறானாம். முதல் பரிசு வாங்குகிற பீரை அவன் ஆலையில் ஆயிரம் லிட்டர் காய்ச்சி, காய்ச்சியவர் பெயரைப் போட்டு ஊரெல்லாம் விற்பான்.

காய்ச்சியவர் பெயர். கேனில். அச்சில்.

வீட்டுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது வேறு எதுவும் ஓடவில்லை மனசில். எனக்கு அது வேணும். பணமோ கோப்பையோ வேண்டாம். கடைக்குள் நுழைகிற எவனோ ஒருவன் அந்தக் கறுப்புக் கேனைக் கையில் எடுத்து "லினெட் பார்க்கர்" என்று படிக்கணும். அவ்வளவுதான் வேணும்.

மே 5

ரஸ்ஸல் போன் செய்தான். புது மெஷின் அடைத்துக்கொண்டதாம். பம்பு முக்குகிறதாம், சாறு மேலே ஏறவில்லையாம், அடியில் கருகி வாடை வருதாம்.

"மெஷினே கோளாறு லின். இறக்குமதிச் சாமான், வேறென்ன" என்றான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

எனக்குக் கேட்டவுடனே தெரிந்துவிட்டது. அந்த அரவை மிஷினைப் பைக்கென்றே நான் இறுக்கி வைத்திருக்கிறேன். பையில் ஊறப்போட மாவு மாதிரி நைசாக அரைக்கலாம், துணி பிடித்துக்கொள்ளும். பம்பு வைத்த மெஷினில் அதைக் கொட்டினால் களி ஆகும். உருளையைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். ஒரு திருகு.

"அப்படியா. பாவம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

இதற்காக நான் வருத்தப்படப் போவதில்லை.

மே 19

மூன்று தடவை தோற்ற பிறகு இன்று தையல் மிஷினை எடுத்தேன். வலைத்துணி வாங்கி ரெண்டு சின்னப் பை தைத்தேன். தானியத்தைக் கடையிலேயே ரெண்டு தடவை அரைக்கச் சொன்னேன், பாதி இதில், பாதி அதில். ரெண்டும் ஒரே அண்டாவுக்குள். ஒரு மணி நேரம் கழித்து இடது கையால் ஒன்றைத் தூக்கினேன், வடித்தேன், வைத்தேன். அப்புறம் இன்னொன்று. தீர்ந்தது.

ஜானின் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அட, இவ்ளோதானா? இதுக்கா அவனைக் கட்டிட்டு அழுதே?" என்றாள்.

வாயை மூடு என்றேன். சந்தோஷமாகத்தான் இருந்திருக்கணும். இல்லை.

கொதித்து இறக்கின சாறு சதுர பிளாஸ்டிக் கேனில் ஆறிக்கொண்டிருக்கிறது. நாளைக்கு ஈஸ்ட்.

ஜூன் 23

இங்கே ஜூன்தான் குளிர்காலம், வெளியே உறைபனி. உள்ளே நான் கொதிக்கிறேன்.

என் ஸ்டவுட்டைப் போட்டியில் கொடுக்கப் போனேன். நெவில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அங்கே ரஸ்ஸல் பெயரில் ஏற்கனவே ஒரு ஸ்டவுட். மூடியைப் பார்த்தேன். பச்சை மூடி. ஜனவரியில் நான் என் கையால் அடித்த மூடி.

"நெவில், இது நான் காய்ச்சினது."

"ஏம்மா, ரெண்டு பேரும் சேர்ந்துதானே காய்ச்சினீங்க."

"அவன் தூக்கினான்."

"அதைத்தான் சொல்றேன்." அந்த மனுஷன் என் முகத்தைப் பார்க்காமல் பெட்டிக்கு எண் ஒட்டினார். "புருஷன் பொண்டாட்டி சண்டையைக் கிளப்புக்குள்ள கொண்டாராதீங்க, லின். வெளிய பேசித் தீர்த்துக்கங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான், இவர் அதற்குத் தட்டு பிடிக்கிறார். மெஷினில் ஒரு அண்டாகூட உருப்படியாக இறக்கத் தெரியாதவன் என் பாட்டிலை எடுத்து வைத்துப் போட்டி போடுகிறான். என்னோடு. என் பீரையே என் பீருக்கு எதிராக.

என் ரெண்டு பை ஸ்டவுட்டையும் கொடுத்துவிட்டு வந்தேன். அது இன்னும் இளசு. ஜனவரியில் காய்ச்சினது நன்றாக முதிர்ந்திருக்கும், அதுதான் ஜெயிக்கும் என்று எனக்கே தெரியும்.

ஜூலை 16

அவன் டயரைக் குத்தலாமா என்று முழு மத்தியானமும் யோசித்தேன். குத்தவில்லை. வேனின் காப்பீடு என் பெயரில்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 31, சனி

இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

ஃபுட்பால் கிளப் ஹாலில் எங்கள் போட்டியின் பரிசு விழா. சாசேஜ் ரோல், தக்காளி சாஸ், இறைச்சித் தட்டுக்குச் சீட்டுக் குலுக்கல், எல்லாம் வழக்கம்போல. மூன்றாவது பரிசு எனக்கு, ரெண்டு பை ஸ்டவுட்டுக்கு. நாலு பேர் கை தட்டினார்கள். ரெண்டாவது, பல் டாக்டர் ஒருத்தரின் ஐபிஏ, கசப்பு பீர். முதல் பரிசு ரஸ்ஸல்.

மேலே போனான். ட்ரூடி விசில் அடித்தாள். ஹேமிஷ் அவன் தோளில் கை போட்டு ஒரு கிளாஸ் ஊற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. முதல் பரிசுக்காரன் அந்தக் கிளாஸ் காலியாகிற வரைக்கும் மேடையில் நிற்கணும், யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லணும். மறைக்கக் கூடாது. என்ன ஹாப்ஸ், எவ்வளவு, எந்தத் தண்ணீர், எல்லாம்.

ஹேமிஷ் முதலில் கேட்டான்: "நாக்குல இப்படி நிக்குதே, கூழ் மாதிரி. ஊறல் என்ன சூட்டுல போட்டீங்க?"

ரஸ்ஸல் சிரித்தான். ஒரு வாய் குடித்தான். "வழக்கம்போலதான்ப்பா. அறுபத்தஞ்சு டிகிரி."

அங்கே இருந்த அத்தனை பேரும் வீட்டில் காய்ச்சுகிறவர்கள். அறுபத்தைந்தில் ஊறின பீர் தண்ணியாக இறங்கி ஓடிவிடும், அது எங்களில் முதல் மாசம் கற்றுக்கொள்கிற பாடம். அந்தக் கனம் வர இன்னும் சூடு வேணும். பல் டாக்டர் தன் கிளாஸை முகர்ந்து பார்த்தார். யாரோ இருமினார்கள். ரஸ்ஸலுக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை, சிரிப்பு அப்படியே முகத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

அப்புறம் நெவில் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் பார்த்ததும் அவர் பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின.

நான் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருந்திருந்தால் என் பீர் ஆயிரம் லிட்டர் ஊரெல்லாம் போயிருக்கும், அவன் பெயரில்.

"அறுபத்தொன்பது" என்றேன்.

செப்டம்பர் 1

காலையில் ஹேமிஷ் வீட்டுக்கே வந்தான். நல்ல பையன்தான். விதிப்படி காய்ச்சினவரே பதிவு செய்திருக்கணும், அதனால் அந்த ஸ்டவுட்டைப் போட்டியிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்றான். "ஆனா ஒரு வழி இருக்கு. கூட்டுப் பதிவுன்னு மாத்திடலாம். நெவில் சரின்னுட்டாரு. ரஸ்ஸலும் சரின்னுட்டாரு. கேன்ல ரெண்டு பேரையும் போடறேன். ரஸ்ஸல், லினெட்."

"வேணாம்" என்றேன்.

"ஒரு வாரம் யோசிங்க."

"யோசிச்சாச்சு."

போன பிறகு ஜானின் என்னைப் பிடித்துக் கத்தினாள். பேர் வரணும்னுதானேடி நாலஞ்சு மாசமா உறுமிட்டுத் திரிஞ்சே, இப்போ வீடு தேடி வருது, உதைச்சுத் தள்றே, உனக்கென்ன பைத்தியமா? பைத்தியமாகவே இருக்கட்டும். பிரிஞ்சு போறதுக்கு வக்கீலுக்குக் காசைக் கொட்டிட்டு, கடைக்குக் கடை அவன் பேருக்குப் பக்கத்துல என் பேரா? ஒவ்வொரு கேனிலயும் கல்யாணப் பத்திரிகை அடிச்சு வெச்ச மாதிரி? முடியாது. அந்த ஸ்டவுட் செத்தாலும் பரவாயில்லை.

செத்துவிட்டது. பல் டாக்டர் பெயரில் ஐபிஏ வரப்போகிறது. எனக்கு ரெண்டாவது இடம் என்று நெவில் செய்தி அனுப்பினார். கூடவே "மன்னிச்சுக்கோம்மா" என்று ஒரு வரி. பதில் போடவில்லை.

செப்டம்பர் 13

அழுதேன். கேனுக்காகத்தான். வேறு எதற்காகவும் இல்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

ஊறல் போட்டுவிட்டுப் போர்வையைச் சுற்றிக்கொண்டிருந்தபோது வேன் சத்தம். தூண்டில் கழிகளை எடுக்க வந்திருக்கிறான். கூட அரவை மிஷினையும் கொண்டுவந்து பெஞ்சு மேல் வைத்தான். தாடி விட்டிருக்கிறான், நன்றாகவே இல்லை.

"கிளப்ல ஒருத்தனும் என்கிட்ட பேச மாட்டேங்கிறான்" என்றான்.

"எனக்கென்ன?"

"அதை நீ தனியா என்கிட்ட சொல்லியிருக்கலாம், லின். நாலு பேருக்கு முன்னாடி மானத்தை வாங்கணுமா?"

"நீ நாலு பேருக்கு முன்னாடிதானே என் பாட்டிலைத் திறந்தே."

நேரம் ஆகிவிட்டது, நான் போர்வையை அவிழ்த்தேன். பழக்கதோஷம், அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அண்டாப் பக்கம் வந்தான். தள்ளி நில்லு என்றேன். நின்றான். முதல் பையைத் தூக்கி வடித்துத் தட்டில் வைத்தேன். ரெண்டாவதையும் தூக்கினேன். ஆவி முகத்தில் அடித்தது, அவன் முகம் சரியாகத் தெரியவில்லை.

"ரெண்டு பை" என்றான். குனிந்து பைகளின் தையலைப் பார்த்தான். "நாம சேர்ந்து செஞ்சப்பவே இது தோணியிருக்கக் கூடாதா? பதினோரு வருஷம். என் முதுகாவது தப்பிச்சிருக்கும்."

"தோணலை" என்றேன்.

கழிகளை வேனில் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

பொய் சொன்னேன். ரெண்டாவது வருஷமே தோணிச்சு. ரெண்டு பைக்குத் துணிகூட வெட்டி வெச்சுட்டேன். அப்புறம் அதை ஒண்ணாச் சேர்த்து ஒரே பையாத் தைச்சேன், பழசைவிடப் பெரிசா. தூக்கறதுக்காகவாவது ஞாயித்துக்கிழமை ஷெட்டுக்கு வருவான்ல.