இனிப்பு வேண்டாத எலிகள்

மார்ச் 4, புதன்

ஈரக் கூண்டு, சாய்த்து வைத்த கூண்டு, விடிய விடிய விளக்கு, நேரங்கெட்ட நேரத்தில் இரைச்சல். வாரக்கணக்கில் இப்படிப் படுத்தினால் எந்த எலிக்கும் வாழ்க்கை வெறுத்துவிடும். எனக்கே வெறுத்துவிட்டது.

இன்று ஆய்வகத்தில் ஒவ்வொரு கூண்டிலும் இரண்டு புட்டி வைத்தேன். ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் சர்க்கரைத் தண்ணீர். ஒப்பிட்டுப் பார்க்கச் சும்மா விட்ட எலிகள் சர்க்கரைப் புட்டியை விட்டு நகரவில்லை. நாங்கள் படுத்திய எலிகளுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆசை செத்துவிட்டது, அதுதான் மனச்சோர்வின் அடையாளம். ஆனால் வால் நுனியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால், இனிப்பே வேண்டாத இவற்றுக்குத்தான் சர்க்கரை ஏறியிருக்கிறது. அறுத்துப் பார்த்தவற்றின் வயிற்றில் கொழுப்பும் அதிகம்.

பேராசிரியர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். "கவலையில நிறையத் தின்னுது, வேற என்ன?"

தீனிக் கணக்கும் அதையே சொல்கிறது. போட்டதில் மிச்சமே இல்லை. அந்த ஆள் சரியாகச் சொல்வதுகூட எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 5

வீட்டிலும் அதே பாட்டு. தம்பி தின்றே கெட்டான் என்கிறார் அப்பா.

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை பார்த்தவன், அம்மா போய்ச் சேர்ந்த பிறகு ஒருநாள் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து படுத்தான். அதோடு சரி. குளிப்பதில்லை, சவரம் இல்லை, வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறது. அப்பா சமைத்துத் தட்டைக் கொண்டுபோய் அறைக்குள் வைப்பார். தட்டு காலியாக வரும். "கொழுப்பெடுத்துப் போச்சு அவனுக்கு. மாசக் கடைசியில சித்தப்பா மரக்கடைக்கு அனுப்புறேன். ஒரு வேளைச் சோறு, நாள் முழுக்க மரம் தூக்கட்டும். தன்னால எந்திரிப்பான்."

சித்தப்பாவிடம் வேலைக்கு நின்றவர்களை எனக்குத் தெரியும். இவன் இருக்கிற நிலையில் அங்கே போனால் திரும்பி வரமாட்டான். சொன்னேன். "ஒன் எலியப் போய்ப் பாரு" என்றார்.

மார்ச் 11

தம்பி அறையை ஒட்டிய கழிவறை அடைத்துக்கொண்டது. அப்பா கடைக்குப் போயிருந்தார். குழாய்க்காரர் வந்து கம்பியை விட்டு இழுத்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்: "யாரும்மா சோத்தையெல்லாம் இதுல கொட்டுறது? விருந்தே இருக்கு உள்ள."

சிரிப்பு வந்தது. அப்புறம்தான் உறைத்தது. தம்பியைத் தவிர அந்தக் கழிவறைக்கு வேறு யாரும் போவதில்லை.

அப்பாவிடம் சொல்லவில்லை. விரலைச் சுட்டுக்கொண்டு சமைக்கிற மனுஷனிடம் எப்படிச் சொல்வது? சொல்லித் தொலைத்திருக்கலாமோ.

மார்ச் 12

தூக்கமில்லை. காலியான தட்டு என்றால் தின்றதாகிவிடுமா? காலியான தீனித் தொட்டி?

காலையில் முதல் வேலையாக, சோர்ந்த எலிகளின் கூண்டடியில் பரப்பியிருந்த ஈர மரத்தூளை அள்ளி உலர்த்தி, வீட்டிலிருந்து கொண்டுபோன மாவுச் சல்லடையில் சலித்தேன். கொட்டியது பாருங்கள் தீனித் தூள்! கடித்து, நொறுக்கி, கீழே தள்ளிவிட்டிருக்கின்றன. தொட்டியில் மிச்சம் என்ன என்று மட்டும்தான் இத்தனை நாளும் நாங்கள் நிறுத்தோம். அடியில் கிடந்ததை அழுக்கோடு அழுக்காக வாரிக் குப்பையில் போட்டோம். சும்மா விட்ட எலிகளின் மரத்தூளையும் சலித்தேன். ஒரு சிட்டிகைகூடத் தேறவில்லை.

அதாவது, படுத்திய எலிகள் குறைவாகத்தான் தின்றிருக்கின்றன. தின்னாமலே சர்க்கரை. தின்னாமலே கொழுப்பு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

பேராசிரியர் மேசையில் தூளைக் கொண்டுபோய் வைத்தேன். "மாநாட்டுக்குக் கட்டுரைய அனுப்பியாச்சும்மா. இப்ப வந்து குப்பையக் கிளறாத."

குப்பையில்தானய்யா இருக்கிறது உன் ஆராய்ச்சி!

வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். கோழை.

மார்ச் 14, சனி

எழுதவே கூசுகிறது.

தம்பி மதியம் தூங்கிக்கொண்டிருந்தான். சர்க்கரை பார்க்கும் கருவியோடு உள்ளே போனேன். கேட்டால் மாட்டேன் என்பான் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. எலியின் வாலைப் பிடிக்கிற மாதிரி விரலைப் பிடித்துக் குத்திவிட்டேன்.

திரையில் மூன்று இலக்கம். முதல் இலக்கமே மூன்று.

விழித்துக்கொண்டான். கருவியைப் பிடுங்கிச் சுவரில் அடித்தான். "நான் என்ன ஒன் எலியா? செத்தா அறுத்துப் பாப்பியா? போடி வெளிய!" அவன் என்னை 'டி' போட்டதில்லை. இவ்வளவு பேசியும் மாதங்கள் ஆகின்றன.

சத்தம் கேட்டு அப்பா வந்தார். சர்க்கரை எவ்வளவு என்று சொன்னேன். "பின்ன? திங்குற தீனிக்கு ஏறாதா?"

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "அவன் எங்கப்பா தின்னான்? ஒங்க கக்கூஸுதான் தின்னுச்சு! குழாய்க்காரரக் கேளுங்க!"

அப்பா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும் என்று பார்த்தேன். வெடிக்கவில்லை. "நான் சமைச்சதையா?" என்று அவனைப் பார்த்துக் கேட்டார். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அப்பா கதவருகில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஒரு வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு பேரைக் குத்தினேன். சபாஷ்.

மார்ச் 15

யாரும் யாரோடும் பேசவில்லை.

மார்ச் 17

அப்பா அவனைக் கைத்தாங்கலாக மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். நானும் செருப்பை மாட்டினேன். "அவ வந்தா நான் வரல" என்றான். நின்றுவிட்டேன்.

திரும்பி வந்த அப்பா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "சர்க்கரையும் மனசும் தனித்தனி இல்லையாம். ரெண்டுக்கும் சேத்துத்தான் மருந்தாம்." ஏதோ அவரே கண்டுபிடித்த மாதிரி. தின்று வந்ததில்லை என்று நான் கத்தினேனே, கேட்டாரா?

மார்ச் 24

பேராசிரியர் ஆய்வகக் கூட்டத்தில் எழுந்து, "மரத்தூளையும் சலிச்சுப் பாக்கணும்னு எனக்குத் தோணுச்சு" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். "சல்லடை எங்க வீட்டுது சார்" என்றேன். இப்போது அங்கேயும் என்னோடு யாரும் பேசுவதில்லை. ரொம்ப நிம்மதி.

மார்ச் 30

சித்தப்பாவின் போன். அப்பா சமையலறையில் இருந்தபடியே கத்தினார்: "வரமாட்டான்டா. உடம்பு சரியில்ல அவனுக்கு. ஆமா, படுத்தே கெடக்குறான், அதுதான் சீக்கே. சொன்னா ஒனக்குப் புரியாது, வை போன."

பிறகு தட்டோடு போனார். இப்போதெல்லாம் வைத்துவிட்டு வருவதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டாத குறையாகத் தின்ன வைக்கிறார். பாதித் தட்டு திரும்பி வந்தது. பாதியை அவன் நிஜமாகவே தின்றிருக்கிறான்.

மாத்திரையும் அப்பா கையால்தான். நான் வாசலில் நின்றால் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறான். இன்று மூடவில்லை. முறைத்தான். நானும் முறைத்தேன்.