காய்ச்சல் விட்ட பின் ஊற்றிய தண்ணீர்

அண்ணே,

இன்று ஆய்வகத்தில் நான் பார்த்ததை உனக்குத்தான் முதலில் சொல்லத் தோன்றியது. நுண்ணோக்கியின் கீழே மனித மூச்சுக்குழாயின் செல்கள். அவற்றின் தலையில் மயிரிழைகள், காற்றில் கம்பங்கதிர் சாய்வதுபோல் ஒரே பக்கமாக அசைந்துகொண்டிருந்தன. நிமோனியாக் கிருமியின் நச்சு ஒரு சொட்டு விட்டேன். அசைவு தளர்ந்து நின்றுபோனது.

இன்னொரு தட்டில் நுரையீரலின் அடியில் இருக்கும் காற்றறைச் செல்கள். அதில் போன வாரமே நச்சு விட்டிருந்தேன். தட்டையான மெல்லிய செல்கள் உறை ஓட்டையாகி, ஊதி வெடித்துவிட்டன. பக்கத்து உருண்டைச் செல்களில் சில, ஓட்டை விழுந்த இடத்தை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டுப் பிழைத்துக்கொண்டன. இன்று பார்க்கிறேன், அவையே தட்டையாகப் படர்ந்து, செத்தவற்றின் இடத்தை மூடிக்கொண்டிருக்கின்றன. 

கோயில் கொடைக்கு வெட்டிய கிடாயின் நுரையீரலை நீ குழாய் வழியாக ஊதிக் காட்டினாயே! "ஏட்டி, இங்கன பாரு, இத்துணூண்டு சதைக்குள்ள எம்புட்டு காத்து போவுது!" என்றாய். ஆடு மேய்க்கிற நீ கரிசலின் அந்தக் கோடியில் நின்று கூப்பிட்டால் ஊருக்குள் கேட்கும். அந்த மூச்சுக்கு ஒன்று வரும் என்று யார் நினைத்தது?

நிமோனியா என்று கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் காய்ச்சல் விட்டது. வீட்டுக்கு வந்ததும், நம் வழக்கப்படி மதினி உனக்குத் தலைக்கு ஊற்றினாள். மறுநாளே மூச்சுத் திணறிப் போய்விட்டாய். தண்ணீர் ஊற்றித் தானே உன்னைக் கொன்றுவிட்டதாக அவள் அன்றிலிருந்து நம்பினாள். ஊரும் அதையே சொன்னது.

இன்று அவளுக்குப் போன் போட்டேன். மருந்து பட்டுச் சாகிற கிருமி உடையும்போதுதான் தன் வயிற்றில் இருக்கும் நச்சைக் கொட்டுகிறது, காய்ச்சல் விட்டபோதும் அண்ணனுக்கு உள்ளே புண்ணாகிக்கொண்டுதான் இருந்திருக்கும், தலைக்கு ஊற்றிய தண்ணீர் அங்கே போக வழியே இல்லை என்றெல்லாம் எனக்குத் தெரிந்த மட்டும் விளக்கினேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மதினி கேட்டாள்: "அப்பம் அந்தத் தண்ணி அவியளுக்குச் சொகமாத்தான் இருந்திருக்குமா? இன்னொரு செம்பு ஊத்துன்னு கேட்டாவ."

"இருந்திருக்கும் மதினி."

உன் சாவுக்குக்கூட வாய்விட்டு அழாதவள், போனிலேயே அழுதாள். நானும்தான். இத்தனை வருஷம் அவள் வெளியே சொல்லப் பயந்த சேதி அது, அண்ணே. நீ சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டு, இன்னொரு செம்பு கேட்டிருக்கிறாய்.