ஆண்கள் பக்கம்

18.11.1984, ஞாயிறு

பக்கவாதம் வந்த பிறகு அப்பா இன்றுதான் மாதா கோயில் பூசைக்கு வந்தார். நாற்காலி போட்டார்கள். வேண்டாமென்று ஆண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்தார். பிரசங்கம் தொடங்கியதும் இடப்பக்கமாகச் சாய ஆரம்பித்தார். பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அருகிலிருந்த சித்தப்பா, தன் அண்ணனுக்கு இடம் போதவில்லை என்று நினைத்து நகர்ந்து உட்கார்ந்தார். தலை தரையில் மோதிவிடும் போலிருந்தது. நான் எழுந்து நடுவழியைத் தாண்டிப் போய், அப்பாவை ஒட்டி உட்கார்ந்து தோளால் நிமிர்த்திப் பிடித்தேன். சாமியார்கூடப் பேச்சை நிறுத்திப் பார்த்தார். அப்பாவோ என் தோளைத் தள்ளிக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள். "வயசுப் பொண்ணு ஆம்பளைங்க நடுவுல போயி குந்துவியா? பி.ஏ. படிச்சா வெக்கங்கூடப் போயிருமா?"

கடையில் ஒரு சோடா கேட்கவே எனக்கு வாய் வராது. என்னைப் போய்!

வீட்டில் அப்பா சொன்னதுதான் தாங்கவில்லை. "நான் நேராத்தான குந்தியிருந்தேன். நீ எதுக்கு வந்து என்னச் சாய்ச்ச? இனிமே கோயிலுக்கு வராத."

கட்டிலிலும் இடப்பக்கமாகச் சாய்ந்தபடியேதான் இதையும் சொன்னார். நான் நிமிர்த்தியதைச் சாய்த்ததாகவே நினைக்கிறார். எப்படிப் புரியவைப்பது?

அடுத்த ஞாயிறும் போவேன். அந்தப் பக்கம்தான் உட்காருவேன். இரண்டு பேரும் திட்டட்டும்.