ஊதாத சங்கு

9 ஆகஸ்ட் 2567

விடியற்காலை வெள்ளம். எச்சரிக்கைச் சங்கு ஊதவே இல்லை. நூடுல்ஸ் கடை சுனீயை ஆறு அடித்துக்கொண்டு போய்விட்டது. நேற்று மத்தியானம் அவள் கடையில்தானே சாப்பிட்டேன்? ஐயோ... எழுத முடியவில்லை.

10 ஆகஸ்ட் 2567

ஊரே கம்பான் மாமாவைப் பிடித்துக்கொண்டது. ஆற்றோரம் நீர்மட்டம் அளக்கும் பெட்டிக்கும் சங்குக்கும் காவல் அவர்தான்.

"தூக்கம் கெடுதுன்னு சங்கை அணைச்சுப் போட்டுட்டான் கிழவன்!" சுனீயின் புருஷன் பிரசித் அவர் முகத்தில் காறித் துப்பினான். மாமா துடைக்கக்கூட இல்லை. என்னைப் பார்த்து, "நான் தொடவே இல்ல, பிளா" என்றார்.

பெட்டியைப் பழுதுபார்க்கும் என்னிடம் எங்கள் அலுவலகத் தலைவர் விச்சிட் கறாராகச் சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கிழமை போலீஸ் வருது. பெட்டியில கோளாறு இல்லேன்னா கிழவன் உள்ளதான். நீ பார்த்துச் சொல்லு."

12 ஆகஸ்ட் 2567

பெட்டி மட்டத்தை ஒழுங்காக அளந்திருக்கிறது. அலுவலகக் கணினிக்கு அனுப்பியும் இருக்கிறது. அதை வாங்கிச் சங்கை ஊத வைக்க வேண்டிய கணினியோ, சேதியைக் குப்பையில் தள்ளியிருக்கிறது. ஏன்? கேபிள், ஆன்டெனா எல்லாம் மாற்றியாயிற்று. பெட்டியின் கடிகாரத்தையும் பார்த்தேன் — மணி சரி, தேதி சரி, வருஷம் சரி. மண்டை வெடிக்கிறது.

13 ஆகஸ்ட் 2567

மாமா வீட்டுக் கதவில் யாரோ சாணி அடித்திருக்கிறார்கள்.

14 ஆகஸ்ட் 2567

அடக் கடவுளே! இதோ, நானே மேலே எழுதியிருக்கிறேனே — 2567!

புத்தர் கணக்கில் தாய்லாந்தில் நமக்கு 2567. கணினிக்கும் உலகத்துக்கும் 2024. பெட்டிக்குள் யாரோ நம் வருஷத்தைப் போட்டிருக்கிறார்கள். என்றோ வரப்போகிற வெள்ளம் என்று கணினி ஒதுக்கிவிட்டது. நெட்வொர்க் வழியாகச் சரியான நேரம் வந்துகொண்டுதான் இருந்தது. இவ்வளவு வித்தியாசமா, நம்பமாட்டேன் என்று பெட்டி அதை ஏற்க மறுத்துவிட்டது. மூன்று நாளாக அந்த எண்ணை வெறித்துப் பார்த்தேனே, கண் அவிந்தா போச்சு எனக்கு?

தலைவரிடம் ஓடினேன். அவர் முகம் செத்துப்போனது. "பேட்டரி மாத்தினப்போ சிக்னல் இல்ல. நான்தான் கையால போட்டேன். ஆபீஸ் காகிதத்துல எழுதற மாதிரியே..." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வெள்ளிக்கிழமை யார் சொல்றது, தலைவரே?"

அவர் வாயை மூடிக்கொண்டால் மாமா ஜெயிலுக்குப் போவார்.

16 ஆகஸ்ட் 2567

தலைவரே சொன்னார். ஊர் முன்னால் கைகூப்பி நின்று, "அந்தப் பெரியவர் மேல தப்பு இல்ல. என் மேல" என்றார். இன்னும் நம்ப முடியவில்லை எனக்கு.

பிரசித் பாய்ந்து அடிப்பான் என்று பயந்தேன். அவன் குழம்பிப்போய்க் கேட்டான்: "இது 2567தானே? அதுல என்ன தப்பு?"

போலீஸ்காரர் தலைவரை வண்டியில் ஏற்றினார்.

3 செப்டம்பர் 2024

காலையிலிருந்து பேய்மழை. சங்கு ஊதியது. எல்லாரும் கோயில் குன்றுக்கு ஏறிவிட்டோம். கடைசியாகப் பிரசித் வந்தான், கம்பான் மாமாவை முதுகில் சுமந்துகொண்டு.