முதலாளியம்மாவின் பண்ணைக்குட்டை

ஏப்ரல் 6

மன்னிச்சுக்கோ வெண்ணிலா. மணி பதினொன்றரை ஆகிவிட்டது. இந்நேரத்துக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதினால் உனக்குக் கண் கூசும்தான். பத்து மாதக் குழந்தையிடம் மன்னிப்புக் கேட்டு என்ன? பகலில் எழுத உட்கார்ந்தால் "யாருக்குக் கண்ணு லெட்டரு?" என்று அத்தை, என் மாமியார், வந்து நிற்பார்.

இன்று கூட்டம். ‘பருவநிலை மாற்றமும் மீன் வளர்ப்பில் மகளிரும்’ என்று ஃப்ளெக்ஸ். அதில் என் படம், கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டியது. கீழே ‘முன்னோடி மகளிர் மீன் பண்ணையாளர் திருமதி சத்யபிரியா நந்தகுமார்’. நெற்றிச்சுட்டி கட்டிக்கொண்டு மீன் வளர்க்கிறவள் நாமக்கல் ஜில்லாவிலேயே நான் ஒருத்திதான்.

வெளியூரிலிருந்து வந்த மேடம் மைக்கை என்னிடம் நீட்டினார். "வெயில் இப்படி ஏறுதே, குட்டையில என்ன மாத்தம் செஞ்சீங்க?" நான் வாயைத் திறப்பதற்குள் மைக் கதிர்வேல் மாமா கையில் இருந்தது. என் கணவரின் அண்ணன், கோழிப்பண்ணை வைத்திருப்பவர். "அதெல்லாம் ஆம்பளைங்க நாங்க பாத்துக்குவமுங்க மேடம். புள்ளைக்குக் கைக்கொழந்தை. அதுக்கு என்னத்தத் தெரியும்?"

கைதட்டல். தட்டியதில் பாதிப்பேர் பெண்கள்!

குட்டை என் பேரில் இருக்கிற காரணம் எல்லாருக்கும் தெரியும். பெண் பேரில் போட்டால் மானியம் கூடுதல். "இங்க ஒரு கையெழுத்துப் போடு சாமி" என்றார் மாமா, போட்டேன். அன்றிலிருந்து நான் முதலாளி. காலையும் மாலையும் தீவனம் போடுவது, தார்ப்பாய்க் கரையில் வழுக்காமல் இறங்கிப் பாசி அள்ளுவது எல்லாம் முதலாளி வேலை. விற்பதும் பேசுவதும் மாமா வேலை.

முடிவில் பெண்களுக்கு ஆளுக்கொரு டிபன் பாக்ஸ். தண்ணீரைச் சோதிக்கிற பெட்டியை நான் வாங்குவதுபோல ஒரு ஃபோட்டோ; ஃபோட்டோ முடிந்ததும் பெட்டி மாமாவின் பைக்கில் ஏறிவிட்டது. பருவநிலை எப்படி மாறினாலும் நான் டிபன் பாக்ஸை வைத்துச் சமாளித்துக்கொள்ள வேண்டும்.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. பெட்டியைப் பார்த்தேன், மாமா வீட்டு டிவி மேல் பாலித்தீன் உறை பிரிக்காமல் இருக்கிறது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ரோஜா.

ஏப்ரல் 23

இறங்கினால் முழங்கால் வரைக்கும் தண்ணீர் சுடுகிறது. போர்வெல்லில் தண்ணீர் நூலாகத்தான் வருகிறது, நிரப்ப முடியவில்லை. மீன்கள் தீவனத்தைத் தொடவில்லை என்பதால் பாதியாகக் குறைத்தேன். தின்னாத தீவனம் அடியில் அழுகும். அழுகுகிறது எல்லாம் தண்ணீரில் கரைந்திருக்கிற காற்றைத் தின்னும். நான் கல்லூரியில் கெமிஸ்ட்ரி படித்தவள்; இதற்கு அதுகூட வேண்டாம்.

விடியற்காலையில் பெரிய கட்லா மீன் நாலைந்து மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மாமா பார்த்துவிட்டார். "பாரு, பசிங்குது. நீ தீவனத்தக் கொறச்சுப்போட்டா அது என்ன பண்ணும்? ஒரு டிராக்டர் கோழி எரு கொட்டிரலாம். எரு போட்டாத் தண்ணி பச்சை புடிக்கும், மீனு கொழுக்கும்."

"பசியில்லைங்க மாமா. மூச்சு முட்டுதுங்க. தண்ணியில காத்துப் பத்தலை."

"தண்ணிக்குள்ள இருக்கறதுக்குக் காத்தெதுக்கு?" என்று சிரித்தார். பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள்.

இதே மனிதர் கோழி ஷெட்டில் ஃபேன் போட்டிருக்கிறார், பனிபோலத் தண்ணீர் தெளிக்கிற குழாய் போட்டிருக்கிறார். நடுப்பகலில் ஒரு கோழி வாயைப் பிளந்தால் ஓடுகிறார். கோழிக்கு மூச்சு உண்டு. மீன், பொம்பளை பேரில் இருக்கிற மீன், அதற்குப் பசி மட்டும்தான்.

எருவுக்கு எப்படியோ ‘வேண்டாம்’ சொல்லிவிட்டேன். எத்தனை நாளைக்கு?

ஏப்ரல் 29

ஏரேட்டரைப் பற்றி எழுதவே கூச்சமாக இருக்கிறது. தண்ணீரை அடித்துக் காற்றைக் கலக்கிற அந்த மிஷின் மானியத்தோடு வந்தது. ஆய்வு முடிந்த மறுவாரமே மாமா மோட்டாரைக் கழற்றிக் கோழித் தீவனம் கலக்கிற மிஷினுக்கு மாட்டிக்கொண்டார். அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தால் மோட்டார் குட்டைக்கு வரும். ஜீப் பரமத்தி ரோடு ஏறியதும் ஷெட்டுக்குத் திரும்பும். நாலு போல்ட், மூன்று வயர். மாட்டிக் கழற்றுகிற கூத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கே பாடமாகிவிட்டது.

இந்த வெயிலுக்குப் பின் வானம் மூடாப்பு போட்டுத் திடீரென்று மழை கொட்டினால், வெயில் காணாத பாசி காற்று விடாமல் மொத்தக் குட்டையும் போய்விடும். மோட்டார் இல்லாமல் தப்பிக்காது. நாளைக்குக் கேட்டுவிடப் போகிறேன்.

ஏப்ரல் 30

கேட்டேன். "மீனுக்குக் கரண்டுல காத்து வீசறதா? நல்லாருக்குதே உன்ற கதை" என்றார்.

மே 4

என் வீட்டுக்காரரோடு ஃபோன். அவர் வேலை செய்கிற போர்வெல் ரிக் வண்டி மத்தியப் பிரதேசத்தில் நிற்கிறதாம். மோட்டார் விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணங்கிட்ட எதுக்குப் புள்ள மல்லுக்கட்டற? நான் வந்து பேசிக்கறேன்."

"எப்ப வருவீங்க?"

"மழை புடிச்சாத்தான் வண்டியை நிறுத்துவாங்க."

மழை பிடித்தால் இங்கே மீன் செத்துவிடும், மழை பிடிக்காவிட்டால் அவர் வரமாட்டார். ஊர் ஊராக ஆயிரம் அடி துளைக்கிறவருக்கு அண்ணனிடம் ஒரு வார்த்தை இறக்க முடியவில்லை. நல்ல ஆண்பிள்ளைக் குடும்பம்தான் வாய்த்தது எனக்கு.

வெண்ணிலா வாசல்படி தாண்டித் தவழுகிறாள். அந்தக் கரையும் அந்தத் தார்ப்பாயும்... சுற்றி வலை கட்டச் சொல்லி எத்தனை நாள் ஆயிற்று! இரவில் மூன்று முறை எழுந்து கதவைப் பார்க்கிறேன். அவள் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறேன். பைத்தியம் என்று நினைப்பார்கள். நினைக்கட்டும்.

மே 10

குழந்தைக்குத் தடுப்பூசி போட நாமக்கல் போயிருந்தேன். திரும்பும்போது வானம் மூடிக்கொண்டு காற்றே இல்லை. குட்டை ஓரமெல்லாம் நாற்றம். ஒரு டிராக்டர் எரு கொட்டியாயிற்று! நான் பஸ் ஏறுகிற வரைக்கும் மாமா காத்திருந்திருக்கிறார். என்னால் முடிந்த மட்டும் வலையால் அள்ளி எறிந்தேன், முக்கால்வாசி கரைந்துவிட்டது.

மழை தொடங்கிவிட்டது. எழுதக் கை ஓடவில்லை.

மே 11

பாலுக்கு அழுதாளென்று விடியுமுன் எழுந்தேன். மழை விட்டிருந்தது. குட்டையிலிருந்து ஒரு சத்தம், நூறு பேர் சப்புக்கொட்டுவது போல. டார்ச் அடித்தேன். தண்ணீர் தெரியவில்லை, வாய்தான் தெரிந்தது. முழுக்க வாய். நடுவில் வெள்ளை வயிறுகள் மிதக்க ஆரம்பித்திருந்தன. கட்லாதான் முதலில். பெரிசு பெரிசாக. நான் கையால் தீவனம் போட்டு வளர்த்தது...

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. குழந்தையை அத்தை மடியில் போட்டுவிட்டு ஷெட்டுக்குப் போனேன். மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு ஸ்பேனரைப் போட்டேன். அத்தை குழந்தையோடு பின்னாலேயே வந்துவிட்டார்.

"அடியே, அதக் கழட்டுனாக் கோழிக்குத் தீவனம் யாரு கலக்கறது?"

"கோழி தண்ணி மேல வந்து வாயத் தொறக்கட்டுங்க அத்தை, அப்பப் பாக்கலாம்."

"பெரியவன் வந்தா என்ன சொல்லுவான்?"

"பசிங்குதும்பார்."

அத்தை குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு அங்கேயே நின்றார். மோட்டாரை இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனேன். வெண்ணிலாவைத் தூக்குகிற மாதிரிதான், அவளைவிடக் கொஞ்சம் கனம், அவ்வளவே. ஏரேட்டர் மிதவையைக் கயிற்றால் இழுத்து மாட்டிச் சுவிட்சைப் போட்டபோது கிழக்கே வெளுத்திருந்தது. சக்கரம் தண்ணீரை அடித்தது. உயிரோடிருந்தவையெல்லாம் அந்த நுரைக்குள் வந்து முட்டிக்கொண்டன.

மூன்றில் ஒரு பங்கு தேறியிருக்கும். அடியில் மேயும் மிர்காலும் சின்னக் குஞ்சுகளும்.

மே 13

புதைத்து முடித்தும் நாற்றம் போகவில்லை. மாமா டீக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்: "பொம்பள பேருல வெச்சது ராசியில்லை." மானியம் வாங்கும்போது மட்டும் என் பேருக்கு நல்ல ராசி.

மாலையில் ஒரு பேப்பரோடு வந்தார். ‘என்னால் பராமரிக்க இயலவில்லை. குட்டையை என் கணவரின் அண்ணனிடம் ஒப்படைக்கிறேன்.’ பேனாவும் அவரே கொண்டு வந்திருந்தார். தொலைநோக்குள்ள மனிதர்.

"எருக்குழியா ஆக்கிக்கலாம் சாமி. உனக்கும் பாடு இல்ல. போடு."

"போட மாட்டனுங்க மாமா."

"ஏன்?"

"என்னால பராமரிக்க முடியுமுங்க."

அந்த மூஞ்சியைப் பார்க்க வேண்டுமே! மைக் நடுவில் நின்றுபோனால் எப்படி முழிப்பாரோ, அப்படி.

மே 14

 நேற்று அப்படிப் பேசியது நானா? என் வீட்டுக்காரர் ஃபோனை எடுக்கவில்லை. அண்ணன் முந்திக்கொண்டிருப்பார்.

மே 22

அவர் நேற்று வந்தார். அங்கேயும் மழையாம். முதல் நாள் முழுக்கக் கட்டிலில் படுத்துக் கிடந்தார். "அண்ணன் மூஞ்சில எப்படி முழிக்கறது?" என்று மட்டும் ஒரு தடவை. "எம்மூஞ்சில மட்டும் முழிக்க முடிஞ்சுதுங்களா?" என்றேன்.

இன்று காலையில் பார்த்தால், குட்டையைச் சுற்றிக் கல்லுக்கால் நட்டு வலை கட்டிக்கொண்டிருக்கிறார். தென்மேற்கு மூலையில் தண்ணீருக்கு மேல் பச்சை நிழல்வலையும்.  டீ கொண்டு போய்க் கொடுத்தேன். அண்ணனிடம் பேசினாரா? இல்லை. பேச மாட்டார். கல்லுக்கால் நடுவதோடு அவர் வீரம் முடிந்தது. சரி, அதுவாவது.

மே 27

அத்தை டிவி மேலிருந்த பெட்டியை முந்தானையில் மூடிக் கொண்டு வந்து கட்டிலில் வைத்தார். "அங்க சும்மாதான் கெடக்குது." பிளாஸ்டிக் ரோஜாவையும் சேர்த்தே கொண்டு வந்திருக்கிறார். அது எதற்கென்று எனக்கும் புரியவில்லை, அவருக்கும் புரியவில்லை.

ஜூன் 9

மறுபடியும் கூட்டம். பழைய ஃப்ளெக்ஸையே மாட்டியிருக்கிறார்கள், நெற்றிச்சுட்டியோடு நான் தொங்குகிறேன். போகவில்லை. மாமா போய் ‘வெயிலைத் தாங்கும் மீன் வளர்ப்பு’ பற்றிப் பேசினாராம். தாங்கிய மீன் எதையும் அவர் பார்த்தது கிடையாது. டிபன் பாக்ஸ் இந்த முறை இரண்டு அடுக்கு என்று அத்தை வாங்கி வந்தார்.

நான் குட்டையில் தண்ணீரைப் பெட்டியிலிருந்த கண்ணாடிக் குழாயில் பிடித்து நிறம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 17

மாமா ஷெட்டுக்கு வேறு மோட்டார் வாங்கிவிட்டார். என்னோடு பேசுவதில்லை. பெரிய நஷ்டம்!

ஏரேட்டர் இரைச்சலில் வெண்ணிலா தூங்கிப் பழகிவிட்டாள். கரண்டு போய் அது நின்றால்தான் விழித்துக்கொள்கிறாள். நானும்தான்.

கோகிலவாணிக்கு இப்போது அனுப்பியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். கல்லூரியில் என் பக்கத்து பெஞ்ச். இப்போது மேட்டூர்ப் பக்கம் மீன்குஞ்சுப் பண்ணையில் இருக்கிறாள்:

"கோகிலா, எனக்குக் குஞ்சு வேணும். கட்லா கம்மியா, ரோகும் மிர்காலும் அதிகமா. தண்ணியச் சோதிச்சுட்டேன், சரியா இருக்குது. காலையில வெயில் ஏர்றதுக்கு முன்னாடி வந்து சேர்ற மாதிரி வண்டி அனுப்பு. பில்லு என் பேர்ல போடு. வேண்டாம்னு வேற யாராவது ஃபோன் பண்ணினாக் கேக்காதே, குட்டை என்னுது. எந்த நாள்னு சொல்லு, சீக்கிரம் பதில் போடு."