பச்சை நூல்

1943 ஆகஸ்ட் 12, வியாழன். அல்சூர்.

விமானப்படையில் புதிதாக அதிகாரியானவர்கள் பறப்பதா தரைப்பணியா என்று படிவத்தில் எழுதித் தர வேண்டும். பறக்க வேண்டாம் என்று அப்பா ஒரு வாரமாகச் சண்டை. அம்மா மட்டும், "உனக்கு எது புடிக்குதோ அதையே எழுதுடா," என்றாள். பறக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன்.

இன்று கண் பரிசோதனை. மேஜையில் கம்பளி நூல்கள் குவிந்து கிடந்தன. வேலூர்க்கார டாக்டர் பச்சை நூல் ஒன்றைக் காட்டி, அதே நிறத்தில் உள்ளதையெல்லாம் எடுக்கச் சொன்னார். இது என்ன விளையாட்டு என்று நினைத்து ஐந்து எடுத்து வைத்தேன். அவர் மூன்றைத் தள்ளி வைத்தார்.

"இது சாம்பல். இது ரோஸ். இதுவும் ரோஸ். உங்களுக்கு எல்லாம் ஒண்ணாவா தெரியுது?"

ஒன்றாகத்தான் தெரிந்தது. இருபத்திரண்டு வயதுவரை இது எனக்கே தெரியாது. நான் எழுதியதை அவர் அடித்துவிட்டுத் தரைப்பணி என்று எழுதினார்.

வீட்டில் சொன்னதும் அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். அம்மா அரிசி களைவதை நிறுத்தவில்லை.

"உங்க மாமாவையும் இதே மாதிரி நூலை வெச்சுத்தான் ரயில்வேல வேணாம்னுட்டாங்க. நீயும் சின்னதுலேருந்து மிளகாய்ச் செடியில பழம் எது, காய் எதுன்னு தெரியாமத்தான் பறிப்பே."

"தெரிஞ்சேதான் பறக்கச் சொன்னியாம்மா?"

"நானும் வேணாம்னிருந்தா, ஆயுசுக்கும் என்மேலதான் கோவமா இருந்திருப்பே."

ஒரு வாரமாக, இந்த வீட்டில் தைரியம் அவள் ஒருத்திக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.