முதற்பனி என்றொரு குடும்பப் பெயர்

மொன்றியல்
22.06.1997

மடு மாதாவின் நிழலில் இருக்கும் அன்பு மச்சாளுக்கு, மாக்கிரட் எழுதிக்கொள்வது.

ஜொய்சிக்குக் கலியாணம் சரிவந்துவிட்டது. இதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்று காலையிலிருந்து தவித்துக்கொண்டிருந்தேன், எழுதிவிட்டேன். தவக்காலத்திலிருந்து உங்கள் தம்பி இந்த வீட்டில் ஆடிய ஆட்டத்தில் எனக்கு இரத்த அழுத்தம் ஏறி, டொக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார். இன்றைக்குத்தான் ஆறுதலாக இருந்து, உப்புப் போட்ட குழம்போடு இரண்டு பிடி சோறு தின்றேன்.

எங்கள் பங்குச் சுவாமி அடுத்த கிழமை கொழும்புக்கு வருகிறார். அங்கிருந்து மன்னாருக்கும் போவாராம். அவர் கையில் இந்தக் கடிதத்தோடு உங்களுக்கு ஒரு மூக்குக் கண்ணாடிக் கூடும், முழங்கால் நோவுக்குத் தைலமும், சின்னிக்கு இரண்டு சட்டையும் கொடுத்து விடுகிறேன். சட்டை பெரிதாக இருந்தால் மடித்துத் தையுங்கள். வளருகிற பிள்ளைதானே.

உங்கள் தை மாதக் கடிதம் எங்களுக்குக் கிடைத்தது, மச்சாள். கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். யாழ்ப்பாணம் முழுக்க வெளிக்கிட்ட அன்று, நாவற்குழிப் பாலத்தடியில் சனத்துக்குள் தனியாக நின்று உங்கள் சீலைத் தலைப்பைப் பிடித்த பிள்ளையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். தேடி யாரும் வரவில்லை, சின்னி என்ற செல்லப் பெயரைத் தவிர அவளுக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை, பள்ளிக்கூடத்தில் சேர்க்கத் தகப்பன் பெயர் கேட்கிறார்கள், உங்கள் தகப்பனாகிய அப்புவின் பெயரைப் போடட்டோ என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் தம்பி வாசித்தார். ஆர் பெத்த பிள்ளை எண்டு தெரியாமல் அப்புன்ரை பெயரைக் குடுக்கேலுமோ என்றார். கடிதத்தைச் சூசையப்பர் படத்துக்குப் பின்னால் செருகினார். நான் இரண்டு தரம் ஞாபகப்படுத்தினேன். மூன்றாம் தரம் கேட்கப் பயந்து விட்டுவிட்டேன். அதற்குத்தான் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னம் கலியாணக் கதையைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்கு விளங்காது.

மாப்பிள்ளை இத்தாலிக்காரன். பதறாதீர்கள், எங்களைப் போல வேதக்காரன்தான். பெயர் தாவிதே. ஜொய்சி வேலை செய்கிற மருந்துக் கொம்பனியில் அவனும் வேலை. அவள் ஒரு நாள் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, நிமிராமல் விசயத்தைச் சொன்னாள். நான் வீடு இரண்டாகப் போகிறது என்று செபமாலையைத் தேடினேன். உங்கள் தம்பியோ, கோயிலுக்குப் போறவனோ என்று கேட்டார். ஓம் என்றாள். குடிக்கிறவனோ? வைன் மட்டும். சரி, குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார். பிறிமனேவே என்றாள். இத்தாலிப் பாசையில் முதற்பனி என்று கருத்தாம். அங்கேதான் சனியன் பிடித்தது.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? ஒரு சம்பந்தம் வந்தால் ஊரில் போய் நாலு பேரிடம் விசாரிக்க வேண்டும். சந்திக் கடையில் பாதி தெரியும், கோயிலடியில் மீதி தெரியும். இத்தாலிக்காரரை எந்தச் சந்தியில் போய் விசாரிப்பது? உங்கள் தம்பி முதலில் ரெலிபோன் புத்தகத்தைத் தூக்கினார். மற்ற இத்தாலிப் பெயர்கள் பக்கம் பக்கமாக இருக்க, இந்தப் பெயரில் முழு மொன்றியலுக்கும் இரண்டே இரண்டு பேர். ஒருவர் தாவிதேயின் தகப்பன், மற்றவர் சித்தப்பன். வேலையிடத்தில் இவருடைய மேற்பார்வையாளர் இத்தாலிக்காரர். அவரிடம் கேட்டிருக்கிறார். நாப்பது வருசமாய் இங்கை இருக்கிறன், இப்பிடி ஒரு பெயர் கேள்விப்படேல்லை என்று அவர் கையை விரித்துவிட்டார். ஆரும் அறியாத குடும்பம் என்றால் எங்கள் ஆட்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

பிறகு ஒரு சனிக்கிழமை தன் சிநேகிதன் இரவிச்சந்திரனையும் கூட்டிக்கொண்டு, ஜோன் தலோன் சந்தைக்குப் பக்கத்தில் இத்தாலிக் கிழவர்கள் சீட்டு விளையாடுகிற கோப்பிக் கடைக்கே போயிருக்கிறார். இரண்டு யாழ்ப்பாணத்தார், தொழிற்சாலைப் பிரெஞ்சில், அந்தக் கிழவர்களிடம் பெண் கொடுக்க விசாரிக்கிறார்கள். அதைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. எல்லோரும் தெரியாது என்று தலையாட்டியிருக்கிறார்கள். ஒரே ஒரு கிழவர் மட்டும் அந்தப் பெயரை இரண்டு தரம் மெல்லச் சொல்லிப் பார்த்துச் சிரித்துவிட்டு, கையைக் காற்றில் ஒரு வட்டமாகச் சுழற்றிக் காட்டினாராம். மற்றவர்கள் சீட்டைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு பேரும் அதைத்தான் ஆராய்ந்தார்கள். கையைச் சுத்திக் காட்டினவர், ஆளை மாத்தினது எண்டுதான் அர்த்தம் என்று இரவிச்சந்திரன் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அதோடு உங்கள் தம்பிக்கு எல்லாம் வெளித்துவிட்டது. இது பெயர் மாத்தி வந்த குடும்பம்! வேறு ஆருடையோ பாஸ்போட்டில் வந்து, அந்தப் பெயரிலேயே நின்றுவிட்டவர்கள். கொலையோ களவோ செய்துவிட்டு ஓடி வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பனி எண்டு ஆரும் பெயர் வைப்பினமோ? எண்பத்துநாலில் இவர் இதே நாட்டில் நடராஜா என்ற பெயரில் இறங்கி, விமான நிலையத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது திரும்பிப் பார்க்க மறந்து பிடிபட்டவர். தன் அளவுகோலால் உலகத்தை அளக்கிறார் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். ஆனால் ஜொய்சி சாப்பாட்டைக் குறைத்துவிட்டாள், மச்சாள். வேலையால் வந்தால் அறைக் கதவைச் சாத்திவிடுவாள். தகப்பன் வேண்டாம் என்றால் கட்டமாட்டேன், ஆனால் வேறு ஆரையும் கட்டமாட்டேன் என்று என்னிடம் மட்டும் சொன்னாள். அவள் சொன்னால் சொன்னதுதான், உங்களைப் போல. எனக்கு இருக்கிறது ஒரே பிள்ளை. அந்த நாட்களில் நான் அழாத இடம் இந்த வீட்டில் இல்லை.

கடைசியில் அவர்களே எங்களைச் சாப்பாட்டுக்கு அழைத்தார்கள். போன ஞாயிறு பூசை முடிந்து சென்ட் லெயோனார் பக்கம் போனோம். இவர் கோட்டும் சூட்டும் போட்டு, பொலிஸ் விசாரணைக்குப் போகிறவர் மாதிரி வந்தார். தகப்பன் பெயர் கார்மினே. நிலத்துக்குக் கல் பதித்துப் பதித்து முழங்கால் தேய்ந்த மனிதர். தாய் அசுந்தா என்னைக் கண்டதும் இரண்டு கன்னத்திலும் கொஞ்சினாள். பின்வளவில் ஒரு அத்திமரம். குளிர் தொடங்க முன்னம் அதை வளைத்துக் கிடத்தி மண்ணால் மூடிவிட்டு, பனி கரைந்த பிறகு நிமிர்த்துவார்களாம். அதைக் காட்டிக்கொண்டிருந்த மனிதரை இவர் ஒரு கொலைகாரனைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் மாப்பண்டம் ஒன்று வந்தது. அதுதான் சாப்பாடு என்று நினைத்து இரண்டு தரம் வாங்கித் தின்றோம். அதன் பிறகு இறைச்சியும், மீனும், கீரையும் வருகிறது! வயிற்றில் இடமில்லாமல் முழித்துக்கொண்டு இருக்கும்போது, கார்மினே தொண்டையைச் செருமிக்கொண்டு எழும்பினார். நாள் குறிக்க முன்னம் ஒரு விசயத்தைக் கதைக்க வேண்டும் என்றார். அவர் ஆறுதலாகப் பிரெஞ்சில் சொல்ல, தாவிதே ஆங்கிலத்தில் சொன்னான். ஜொய்சியைப் பற்றித் தங்களுக்குத் தெரியுமாம். பிள்ளையின் மனம் நோகும் என்று இவ்வளவு நாளும் ஒருவரும் அவளிடம் கேட்கவில்லையாம். நாங்களும் இனி மறைக்கத் தேவையில்லையாம்.

என்ன தெரியும்? என்ன மறைத்தோம்? ஜொய்சியைப் பார்த்தால் அவளும் முழிக்கிறாள். தாவிதேக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

விசயம் இதுதான், மச்சாள். நாங்கள் அவர்களை விசாரித்த மாதிரி அவர்களும் எங்களை விசாரித்திருக்கிறார்கள்! கார்மினேயும் ரெலிபோன் புத்தகத்தைத் தூக்கியிருக்கிறார். அருமைராசா என்ற பெயரில் எங்கள் விலாசம் இல்லை. ஒரு நாள் ஜொய்சியைக் காரில் கொண்டுவந்து விட்டபோது எங்கள் தபால் பெட்டியைப் பார்த்திருக்கிறார். அதிலே இவருக்கு அப்புவின் பெயர், சவிரிமுத்து. எனக்கு என் அப்பாவின் பெயர், பஸ்தியாம்பிள்ளை. ஜொய்சிக்கு இவருடைய பெயர், அருமைராசா. மனைவியின் பெயர் வேறாக இருப்பது இந்த மாகாணத்தில் சட்டமே, அது அவருக்குத் தெரியும். ஆனால் மகளின் பெயர் தகப்பனோடும் சேரவில்லை, தாயோடும் சேரவில்லை. எனவே ஜொய்சி நாங்கள் எடுத்து வளர்த்த பிள்ளை, சண்டையில் தாய் தகப்பனை இழந்த ஒரு அநாதை என்று புருசனும் பெண்சாதியுமாக முடிவு கட்டிவிட்டார்கள்.

உங்கள் தம்பி துள்ளி எழும்பினார். சேட்டெல்லாம் தக்காளிக் குழம்பு. வாயில் பிரெஞ்சு வரவில்லை, தமிழ்தான் வந்தது. இது என்ரை பிள்ளை, என்ரை சொந்தப் பிள்ளை என்று சொல்லிக்கொண்டு தன் மூக்கையும் ஜொய்சியின் மூக்கையும் மாறி மாறித் தொட்டுக் காட்டினார். உங்கள் குடும்பத்து மூக்கு ஒளிக்கக்கூடிய மூக்கா? அசுந்தா இரண்டு மூக்கையும் ஒரு தரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். பிறகு எல்லோரும் சிரித்தோம். தாவிதே தலையில் கை வைத்துக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று தகப்பனை ஏசினான். எங்களில் தகப்பனின் பெயர்தான் பிள்ளையின் கடைசிப் பெயர், அது அடுத்த தலைமுறைக்குப் போகாது என்று ஜொய்சி விளங்கப்படுத்தினாள். கார்மினே, அப்பிடியெண்டால் எங்கடை பெயரின்ரை கதையையும் கேளுங்கோ என்கிற மாதிரிக் கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு தொடங்கினார்.

அவர்களுடைய ஊர் மொலீசே என்கிற மலைப் பக்கம். அந்தக் காலத்தில் வளர்க்க முடியாத பிள்ளைகளை விடுவதற்கென்று கன்னியர் மடத்துச் சுவரில் ஒரு மரப்பெட்டி இருக்குமாம். வெளியே நின்று பிள்ளையைக் கிடத்திவிட்டுச் சுழற்றினால் பெட்டி உள்பக்கம் திரும்பும். உள்ளே இருக்கிற கன்னியாஸ்திரி எடுத்துக்கொள்வாள். விட்டவர் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. இதைச் சொல்லும்போது கார்மினே கையைக் காற்றில் வட்டமாகச் சுழற்றினார். இவர் மேசைக்குக் கீழே என் முழங்கையைப் பிடித்து இறுக்கினார். கோப்பிக் கடைக் கிழவர் காட்டிய அதே சுழற்றல்!

முன்னம் அந்தப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே பெயரைத்தான் வைப்பார்களாம். அந்தப் பெயரைக் கேட்டாலே ஊர் இளக்காரம் செய்யும் என்று பிறகு அரசாங்கம் அதைத் தடுத்துவிட்டது. அதற்குப் பிறகு பெயர் பதிகிறவர் ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். கார்மினேயின் பாட்டனுக்குத் தகப்பன் பெட்டிக்குள் வந்த அன்று, ஊரில் அந்த வருசத்து முதற்பனி. பதிகிறவர் சன்னலால் வெளியே பார்த்தார், அதையே எழுதினார். உலகத்தில் அந்தப் பெயர் உள்ள எல்லோரும் அந்த ஒரு பிள்ளையின் வழிதான். ஊரில் கொஞ்சப் பேர், ஆர்ஜன்ரீனாவில் கொஞ்சப் பேர், இங்கே இரண்டு வீடு. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் பெட்டிப் பிள்ளை என்று தன்னைப் பகிடி பண்ணுவார்கள் என்று சொன்னபோது அந்த மனிதரின் கண் கலங்கிவிட்டது. மகனுக்குக்கூட அன்றுதான் முழுக்கதையும் சொன்னாராம்.

பெயர் மாத்தினவன் என்றே பெண் கொடுக்கத் தயங்கியவர், இப்போது என்ன சொல்லப் போகிறாரோ? ஜொய்சி தகப்பனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் ஒன்றே ஒன்று கேட்டார். எங்கடை பிள்ளையைத் தாய் தகப்பன் ஆரெண்டு தெரியாத பிள்ளை எண்டு நினைச்சுக்கொண்டும், உங்கடை மகனுக்குக் கட்டிவைக்க ஓம் எண்டனீங்களோ என்று. கார்மினே கேள்வியே விளங்காதவர் மாதிரிப் பார்த்தார். அசுந்தாதான் பதில் சொன்னாள். ஆரோ ஒருத்தி பெத்தவள்தானே, மரத்திலையோ காய்ச்சவள் என்று.

உங்கள் தம்பி கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, நாளைப் பாருங்கோ என்றார். புரட்டாதியில் கலியாணம். ஜொய்சி மேசையைச் சுற்றி ஓடிவந்து தகப்பனைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன், அசுந்தாவும் அழுதாள். பிறகு இனிப்பு வந்தது, எப்படியோ அதற்கும் வயிற்றில் இடம் இருந்தது.

வரும் வழியில் இவர் யோசனையில் பெருந்தெருவிலிருந்து காரை இறக்க வேண்டிய இடத்தையும் விட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சூசையப்பர் படத்துக்குப் பின்னால் கையை விட்டு உங்கள் கடிதத்தை எடுத்தார். நின்றபடியே வாசித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, அக்காவுக்கு எழுது, அப்புன்ரை பெயர் வேண்டாம் என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. வாய் திறக்க முன்னம் அவரே சொன்னார். அப்பு செத்துப்போனார், பிள்ளைக்கு உயிரோடை இருக்கிற தகப்பன் வேணும், என்ரை பெயரைப் போடச் சொல்லு என்று.

ஆகவே மச்சாள், பள்ளிக்கூடத்தில் அருமைராசா என்று கொடுங்கள். இங்கத்தைச் சட்டப்படி ஜொய்சி கட்டினாலும் முதற்பனி ஆகமாட்டாள், தகப்பனின் பெயரோடுதான் இருப்பாள். எங்கள் வீட்டில் அந்தப் பெயர் அவள் ஒருத்திக்கு மட்டும்தான் என்று இருந்தது. இனி அவளுக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள் என்று தாவிதேயிடமும் சொல்லிவிட்டாள். நீங்கள் ஐந்து மாதம் பதிலுக்குக் காத்திருந்ததை நினைத்து உங்கள் தம்பிக்கு வெட்கம். தானாக எழுத மாட்டார், என்னைக் கொண்டு எழுதுவிக்கிறார். இதை எழுதும்போதும் பக்கத்தில்தான் நின்று எட்டி எட்டிப் பார்க்கிறார்.

சின்னியின் பாதத்தை ஒரு தாளில் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து சுவாமியின் கையில் கொடுத்து விடுங்கள். வெயிலுக்கு ஒரு செருப்பு வாங்கி அனுப்பலாம் என்றுதான் நான் கேட்கிறேன். இவர் மட்டும் பனிக்குப் போடுகிற சப்பாத்துக்கு அளவு என்று சொல்லித் திரிகிறார்.

மாதா உங்கள் இரண்டு பேரையும் காப்பாற்றுவா.

என்றும் உங்கள் அன்புள்ள
மாக்கிரட்